கயிறு சுற்றிய செடிகள்

பவுனம்மாளுக்குச் செடி கொடி என்றால் உயிர் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். எனக்குத் தெரிந்து அவள் எந்தச் செடியோடும் கொஞ்சியதில்லை, பேசியதில்லை. அவளுடைய குரோட்டன்ஸ் முன்னால் நின்று யாராவது வாயைப் பிளந்தால், "பாத்தாச்சில்ல? நவுரு" என்பாள். அவ்வளவுதான் உபசாரம்.

ஆனால் ஐம்பதுகளில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நடந்த கல்யாணங்களில் முக்கால்வாசிக்கு மேடையில் நின்றவை அவளுடைய செடிகள்தாம். தகர டின், அதைச் சுற்றிப் பழைய வலைக்கயிறு, அதற்கு மேல் மஞ்சளும் சிவப்புமாக இலைகள். பக்கத்தில் பொட்டில்லாத நெற்றியும் கையில் பித்தளைச் சொம்புமாக அவள். போட்டோ எடுக்க வந்தவர்கள் அவளை ஒதுங்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனார்கள். அந்தக் காலத்துக் கல்யாணப் படம் எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் மாட்டியிருக்கும். ஓரத்தில் பாருங்கள், கேமராவை முறைத்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள்.

நான் அப்போது துறைமுகத்தில் கப்பல் சரக்கு எண்ணும் குமாஸ்தா. குப்பத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்தேன். பவுனம்மாள் கூடை சுமந்த காலத்தில் அவளிடம்தான் மீன் வாங்குவேன். பேரத்தில் ஒரு நாளும் நான் ஜெயித்ததில்லை. அவள் கதையை எழுத எனக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் கிடையாது.

அவள் புருஷன் மாரியப்பன் நாற்பத்தாறில் கட்டுமரத்தோடு போனவன், திரும்பவில்லை. பிள்ளை இல்லை. அறுத்துக் கட்டிக்கொள், இன்னொருத்தனைப் பார் என்று ஊரில் இரண்டு மூன்று பேர் சொல்லிப் பார்த்தார்கள். அவள் மீன் வெட்டும் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். மறுநாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வியாபாரத்துக்குப் போனாள். கடலைப் பார்த்த அந்த ஓலை வீடும் அதற்குள் எரிந்த அடுப்பும் அவளுடையவை. அது போதும் என்று இருந்தாள்.

மறுவருஷம் ஐப்பசி மழையில் தண்டவாளத்துக்கு மேலே போகும் இரும்புப் படிக்கட்டில் கூடையோடு சறுக்கி விழுந்தாள். கழுத்து நரம்பு பிசகிவிட்டது. பார்த்த டாக்டர், இனிமேல் தலையில் ஒரு பூக்கூடைகூட வைக்கக் கூடாது, மீறினால் கை விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்து விற்கலாமே என்பீர்கள். மார்க்கெட்டில் உட்காரும் இடம் தாயிடமிருந்து மகளுக்குப் போவது. ஒரு முழம்கூட யாரும் விட்டுத்தர மாட்டார்கள். கரையில் ஏலம் எடுத்து, தலையில் சுமந்து, வாசல் வாசலாக விற்றால்தான் அவளைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு. தலை போனால் எல்லாம் போயிற்று.

மாரியப்பனின் அண்ணன் கோதண்டம்தான் குப்பத்துக்குப் பெரியவர். தை மாதம் அவர் வந்து வாசலில் நின்றார். கோதண்டம் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம்.

"பவுனு, எதுக்கு இந்தக் கஸ்டம்? எங்க வூட்டுக்கு வந்துடு. உங்க அக்காளுக்கு ஒத்தாசையா சோறாக்கிகினு, பசங்கள பாத்துகினு இரு. இந்த எடத்துல வலை காயப் போட்டுக்கலாம்."

"என் அடுப்பு கீது மாமா."

"அடுப்பு இருந்தா போதுமா? ஆடிக்குக் கூயு ஊத்தணுமே."

இந்தக் கூழைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆடி மாதம் குப்பத்து அம்மன் கோயிலில் பெரிய அண்டா வைப்பார்கள். ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஒரு பானைக் கேழ்வரகுக் கூழ் அதில் வந்து விழ வேண்டும். சொந்த உழைப்பில் வாங்கிய தானியமாக இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கூப்பிட்டதும் ஊற்றுவார்கள். ஊற்றாத அடுப்பு அந்த ஊரில் அடுப்பே இல்லை. வீட்டைப் பிரித்து, மண்ணை நிரவிவிட்டு, யார் வீட்டிலாவது போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். யார் போட்ட சட்டமோ, அப்படி ஒரு சட்டம் அங்கே இருந்தது.

"ஆடிக்கு இன்னும் நாள் கீது மாமா. ஊத்துறேன்" என்றாள் பவுனம்மாள்.

"ஊத்துனா உன் அடுப்பு உன்னுது. நானே அம்மன் மின்னால சொல்றேன். ஊத்தலன்னா, மொனகாம வந்துடணும்."

"சரி மாமா."

எதை வைத்து ஊற்றப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. முதலில் வீட்டு ஓரத்தில் முளைக்கீரை போட்டாள். ராயபுரத்து ஆடுகளுக்குச் சுவரில் ஒட்டிய நோட்டீசே பலகாரம். கீரை முளைத்த அன்றே வழித்துத் தின்றுவிட்டுப் போயின.

இந்தச் சமயத்தில்தான் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்சி துரைசாணி சீமைக்குக் கப்பல் ஏறும் ஏற்பாட்டில் இருந்தாள். புருஷன் ரயிலில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் போன பிறகு எங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவின் ஆங்கிலோ இந்தியர்களில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்சியின் வராந்தாவில் பீங்கான் தொட்டிகளில் குரோட்டன்ஸ் வரிசையாக நிற்கும். முறுக்கிவிட்ட நாடா போல இலையுள்ள ஒரு வகை, மஞ்சள் தெளித்தது போல் புள்ளி விழுந்த ஒரு வகை, நரம்பெல்லாம் சிவந்த அகல இலை ஒரு வகை. பவுனம்மாள் பல வருஷமாக அந்த வராந்தாப் படியில் கூடையை இறக்கியவள். அந்தச் செடிகளைப் பார்த்து அவள் நினைத்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: பூக்காது, காய்க்காது, இதற்கு எதற்குத் தண்ணீர்?

ஆனால் ஒரு காட்சி அவள் மனதில் தங்கியிருந்தது. தண்டையார்பேட்டையில் பெஞ்சு, நாற்காலி, பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடும் லியாகத் அலி பாய், ஒருமுறை ஏதோ கல்யாண மேடைக்காக எல்சியிடம் கெஞ்சி அந்தத் தொட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஒரு தொட்டி உடைந்திருந்தது. எல்சி அவரைத் தெருவில் நிற்க வைத்து ஆங்கிலத்தில் திட்டினாள். பாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பவுனம்மாளிடம் புலம்பினார்.

"இன்னா பண்றதும்மா? இப்பல்லாம் எவனப் பாத்தாலும் மேடையில கலர் செடி வெய்யின்றான். மயிலாப்பூர் பக்கத்துத் தோட்டக்காரன் இந்தப் பக்கம் வண்டி அனுப்ப மாட்டேன்றான். பெரிய பேஜாரா பூடுச்சு."

அந்தப் புலம்பல்தான் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏலக்காரன் வந்து எல்சியின் பீங்கான் தொட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, செடிகளைப் பிடுங்கிப் பின்பக்கத்துச் சாக்கடை ஓரம் எறிந்திருந்தான். பவுனம்மாள் அவற்றைப் பொறுக்கினாள். எல்சி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, பழைய கோணிச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "வெயில்ல வை. வெயில் இல்லைன்னா கலர் வராது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தலையில் வைக்க முடியாது. சாக்கை இடுப்பில் அணைத்து, இரண்டு நடையாகக் குப்பத்துக்குக் கொண்டுவந்தாள். ஆடு ஒன்று வந்து முகர்ந்து பார்த்தது. ஒரு இலையைக் கடித்தது, துப்பிவிட்டுப் போய்விட்டது. பவுனம்மாள் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தச் செடிகளை மதித்தாள் என்று நினைக்கிறேன்.

தொட்டிக்கு எங்கே போவது? குப்பத்தில் விரிசல் விட்ட பானைகளுக்குப் பஞ்சமே இல்லை. கருவாட்டுக்கு மீனை உப்புப் போட்டு ஊறவைக்கும் அகன்ற பெரிய பானைகள். விரிசல் விட்டதும் வீட்டுக்கு வெளியே கவிழ்த்துவிடுவார்கள். அவள் அவற்றைச் சேர்த்து, அடியில் ஓட்டை போட்டு, செடிகளை நட்டாள். கடைசியில் ஒரு செடிக்குப் பானை போதவில்லை. அதை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்து மூலையில் தள்ளினாள். குப்பத்தில் எந்தச் செடிக்கும் மீன் கழுவிய தண்ணீர்தான் உரம், அதையே ஊற்றினாள்.

ஒரு வாரத்தில் இலைகள் கொட்டத் தொடங்கின. பழுத்து உதிர்ந்தாலும் பரவாயில்லை. பச்சையாகவே, சிவப்பாகவே, மஞ்சளாகவே பொலபொலவென்று கொட்டின. பக்கத்து வீட்டுக் குப்பம்மா ஓடி வந்தாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை: அவள் புருஷன் தண்டபாணி கடலுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. முதுகு வலி என்று படுத்தவன், வலி போன பிறகும் எழுந்திருக்கவில்லை. குப்பம்மாதான் கருவாடு விற்று அவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"திருஷ்டிடி பவுனு. ஊர்க் கண்ணு பூரா இதும்மேல கீது. பூசணிக்கா சுத்திப் போடு."

பூசணிக்காய் சுற்றிப் போட்டாள். இலை கொட்டியது. கடல்காற்றுதான் காரணம் என்றார்கள். ஓலைத் தட்டி கட்டினாள். கொட்டியது. சத்துப் போதவில்லை என்றார்கள். மீன் கழுவிய தண்ணீரை இரண்டு மடங்காக்கினாள். இன்னும் வேகமாகக் கொட்டியது. பூவும் காயும் இல்லாத செடியைத் தாலியறுத்த வீட்டில் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றும் ஒரு கிழம் சொன்னது. அதற்குப் பரிகாரம் எதுவும் இல்லாததால் பவுனம்மாள் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

சித்திரை வெயிலில் பானைகளில் வெறும் குச்சிகள் நின்றன. கோதண்டம் ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்து, குச்சிகளைப் பார்த்து, இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார்.

வேறு யாராக இருந்தாலும் பிடுங்கி எறிந்திருப்பார்கள். நானே சொன்னேன், விட்டுத்தொலை என்று. அவள் என் முன்னால் ஒரு குச்சியை நகத்தால் கீறிக் காட்டினாள். தோலுக்கு அடியில் பச்சையாக இருந்தது. வெள்ளையாகப் பால் கசிந்தது.

"சாவல சார். ஏதோ ஒண்ணு இத்தப் புடிச்சி அமுக்கிகினு கீது. அது இன்னான்னுதான் தெர்ல."

பதில் மூலையில் இருந்தது. பிஸ்கட் டின்னில் வைத்த செடி, அதே காற்றில், அதே வெயிலில், துளிர் விட்டிருந்தது. அதை மூலையில் தள்ளியதால் அவள் மீன் தண்ணீர்கூட அவ்வளவாக ஊற்றவில்லை. டின்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பானையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. குப்பத்தில் எந்தப் பானையும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் அது அத்தனை பேர் கண்ணிலும் படவில்லை. பவுனம்மாள் விரலால் தடவி நாக்கில் வைத்தாள்.

உப்பு. வருஷக்கணக்காக ஊறிய உப்பு. மண்பானை குடித்து வைத்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செடிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அவர்கள் மீனைக் கழுவுவதும் கடல்தண்ணீரில். பிறந்ததிலிருந்து மீனை உப்பில் போட்டவள், செடியையும் உப்பில் போட்டு வைத்திருக்கிறாள். குப்பம்மா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கருவாடு போட்டுகினு இருந்தியாடி இவ்ளோ நாளா!"

பவுனம்மாள் சிரிக்கவில்லை. பானைகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய்க் கடலோரத்தில் போட்டு உடைத்தாள். பிறகு செடிகளைத் தெருக்குழாயடிக்குக் கொண்டுபோய் வேரைக் கழுவ ஆரம்பித்தாள். குடத்தோடு நின்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? குடிக்கிற தண்ணியில குச்சிக்குக் குளிப்பாட்டா என்று எகிறினார்கள். குப்பம்மா இடுப்பில் கை வைத்துக் குறுக்கே நின்று, தான் பிடிக்க வேண்டிய குடங்களை எல்லாம் அன்றைக்கு அந்தச் செடிகளுக்கு விட்டுக்கொடுத்தாள். சிரித்ததற்கு ஈடாக இருக்கலாம்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துப் பெட்ரோல் டின்கள் ஊரெல்லாம் சீரழிந்த காலம் அது. காயலான் கடையில் கெஞ்சி வாங்கினாள். ஆணியால் அடியில் துளை போட்டாள். ஜட்கா லாயத்திலிருந்து மக்கிய சாணமும் ஏரி வண்டலும் வந்தன. குழாய்த் தண்ணீர் தவிர வேறு எதையும் கிட்டே விடவில்லை. வைகாசியில் துளிர் வந்தது, ஆனி பிறப்பதற்குள் இலை விரிந்தது. எல்சியின் வராந்தா நிழலில் பார்த்ததைவிட இந்தக் கடற்கரை வெயிலில் சிவப்பு இன்னும் சிவப்பாக, மஞ்சள் இன்னும் மஞ்சளாக ஏறியது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆபீசுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்ப் பார்த்துவிட்டுப் போவேன். "பாத்தாச்சில்ல சார்? நவுருங்க" என்பாள்.

லியாகத் அலி பாய் வந்து பார்த்தார். செடியைப் பார்த்து முகம் மலர்ந்தது. டின்னைப் பார்த்து வாடியது.

"செடி சோக்கா கீதும்மா. ஆனா பெட்ரோல் டின்ன மேடையில வெச்சா மாப்ள வூட்டுக்காரன் என்னிய ஒதைப்பான்."

"நாளைக்கு வா பாய்."

மறுநாள் அவர் வந்தபோது டின் எதுவும் கண்ணில் படவில்லை. கழித்துப்போட்ட வலையின் கயிறுகளை எடுத்து, அடியிலிருந்து விளிம்பு வரை இடைவெளி இல்லாமல் சுற்றி முடிந்திருந்தாள். வேலம்பட்டைச் சாயத்தில் பல வருஷம் ஊறிய கயிறு, நல்ல காப்பிக்கொட்டை நிறம். கயிற்றிலும் உப்பு இருக்குமே என்று நான் என் அறிவைக் காட்டினேன். தகரத்துக்கு வெளியே உப்பு இருந்தால் செடிக்கு என்ன சார் என்று கேட்டாள். நான் ஆபீசுக்குப் போய்விட்டேன்.

பாயிடம் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "செடி எங்க நிக்குதோ அங்க நானும் நிப்பேன். எல்சியம்மா தொட்டிய ஒடச்சா மாதிரி ஒடச்சா நான் எங்க போவேன்? அதுவுமில்லாம பசங்க இலைய ஒடிப்பாங்க. ஒடிச்சா பால் வடியும். துணியில பட்டா கறை ஜென்மத்துக்கும் போவாது." தன் சேலையைப் பிடித்துக் காட்டினாள். முந்தானை எல்லாம் பழுப்புப் பொட்டுகள். பாய் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

தண்டையார்பேட்டையில் ஒரு நிக்காஹ், பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு தொழிற்சங்கக் கூட்டம். இரண்டிலும் அவள் சொம்போடு செடிக்குப் பக்கத்தில் நின்றாள். கூட்டத்தில் பேசியவர் ஆவேசத்தில் இலையைப் பிடிக்கப் போக, அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாளாம். அந்த இரண்டு வாடகையும் டின்னுக்கும் சாணத்துக்கும் ஏற்கெனவே கடனுக்கு வாங்கியிருந்த அரிசிக்குமே சரியாகப் போயிற்று. அடுத்து நோன்பு நெருங்கியது, நிக்காஹ் எதுவும் இல்லை. ஆடி பிறந்தால் மற்ற கல்யாணங்களும் இல்லை. கூழுக்குத் தானியம் வாங்க அவளுக்கு மிச்சம் இருந்தது ஆனியின் கடைசி முகூர்த்தம் ஒன்றுதான். அந்த முகூர்த்தத்தில் குப்பத்தில் ஒரே ஒரு கல்யாணம். கோதண்டத்தின் மகள் நீலாவுக்கு, எண்ணூர் மாப்பிள்ளை.

எண்ணூர்க்காரர்கள் அந்தத் தண்டையார்பேட்டை மேடையைப் பார்த்திருந்தார்கள். "கயிறு சுத்தின கலர் செடி" இருந்தால்தான் கௌரவம் என்று சொல்லி அனுப்பினார்கள். கோதண்டத்துக்குத் தம்பி பெண்டாட்டியிடம் போய்க் கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை. தண்டையார்பேட்டை வரை நடந்து போய்ப் பாயிடம் சொன்னார்.

"செடி மட்டும் வரட்டும் பாய். பவுனு வர வாணாம்."

பாய் வந்து சொன்னார். பவுனம்மாள் மாட்டேன் என்றாள். பாய் மறுபடி போனார், வந்தார். அவர் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் கோதண்டம், வந்து தொலையட்டும், பின்னால் எங்காவது நிற்கட்டும் என்று இறங்கி வந்தார்.

நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணலில் சவுக்குக் கம்பு நட்டு, துறைமுகத்துப் பழைய தார்ப்பாயைப் பின்னால் கட்டி, அதற்கு முன்னால் செடிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தார்ப்பாயின் கறுப்புக்கு முன்னால் அந்த இலைகள் எரிகிற மாதிரி இருந்தன. பவுனம்மாள் பின்னால் நிற்கவில்லை. முதல் செடிக்குப் பக்கத்தில், மணவறைக்கு இரண்டு கை தூரத்தில், சொம்போடு நின்றாள்.

மாப்பிள்ளையின் அத்தை பட்டம்மாள் பார்த்துவிட்டாள்.

"இது இன்னா கூத்து சம்மந்தி? தாலியறுத்தவ மணவறையாண்ட நின்னுகினு கீறா?"

மேளம் நின்றது. கோதண்டம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பவுனு, பின்னால போ. நேரம் ஆயிகினு கீது."

"போறேன் மாமா. செடிய எடுத்துகினு போறேன்."

"செடி இருக்கட்டும். வாடகை வந்துடும்."

"செடி நிக்கிற எடத்துல நான் நிப்பேன். அதான் பேச்சு."

பட்டம்மாள் விடவில்லை. "அவ கைபட்ட செடியே மணவறைக்கு ஆவாது. முறைன்னு ஒண்ணு கீதில்ல?"

பவுனம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை. "பூவுக்கு முறை கீது, நான் தொடல. மஞ்சளுக்குக் கீது, குங்குமத்துக்குக் கீது, வாயப்பயத்துக்குக் கீது. நான் எத்தயும் தொடல. இதுக்கு இன்னா முறைம்மா? உன் கல்யாணத்துல இந்தச் செடி இருந்துச்சா? உங்க ஆயா கல்யாணத்துல இருந்துச்சா? யாரும் முறை எயுதாத செடி இது. அத்தொட்டுத்தான் நான் வெச்சிகினு கீறேன்."

சொல்லிவிட்டு முதல் டின்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். மணலில் வைத்தாள். திரும்பி ஏறி அடுத்ததைத் தூக்கினாள். அந்த டின் ஒவ்வொன்றும் இறங்க இறங்க அவளுடைய ஆடிக் கூழ் இறங்கிக்கொண்டிருந்தது. வாடகை இல்லையென்றால் தானியம் இல்லை, தானியம் இல்லையென்றால் அடுப்பு இல்லை. எழுந்துபோய், விட்டுக்கொடு தாயே, ஒரு நாள் பின்னால் நின்றால் என்ன என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

நாலாவது டின் இறங்கியபோது மேடையில் கறுத்த தார்ப்பாயும் சவுக்குக் கம்பும்தான் தெரிந்தன. தார்ப்பாயில் ஒரு பெரிய ஒட்டுப் போட்டிருந்தது, அதுவும் தெரிந்தது.

மணப்பெண் நீலா தலை நிமிர்ந்தாள். "நைனா, சின்னம்மாவ நிக்கச் சொல்லு. மொட்ட மேடையில நான் குந்த மாட்டேன்."

சின்னம்மா மேல் பாசமா, வரப்போகும் போட்டோக்காரன் மேல் கவலையா, எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். கோதண்டம் மகளைப் பார்த்தார், ஒட்டுப் போட்ட தார்ப்பாயைப் பார்த்தார், எண்ணூர்க் கூட்டத்தைப் பார்த்தார்.

"வெச்சுடு பவுனு" என்றார்.

பவுனம்மாள் டின்னை இடுப்பில் வைத்தபடியே நின்றாள். "நானு?"

"நீயும் நில்லு."

அவள் செடிகளைப் பழையபடி வைத்தாள். பட்டம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாலி கட்டி முடிகிறவரை பவுனம்மாள் அங்கேயே நின்று, இலையை ஒடிக்க வந்த எண்ணூர்ப் பயல்கள் எல்லாரையும் கண்ணாலேயே விரட்டினாள். நீலாவின் பட்டில் ஒரு சொட்டுக் கறை படவில்லை.

வாடகை வந்தது, கேழ்வரகு வந்தது. ஆடி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அண்டா வைத்தார்கள். நான் கூழ் வாங்க ஈயச் செம்போடு ஓரமாக நின்றேன். பெண்கள் எல்லாரும் தலையில் பானையோடு வரிசையில் வந்தார்கள். பவுனம்மாள் மட்டும் இடுப்பில் வைத்திருந்தாள். கொதி அடங்காத பானை, சூடு தாங்காமல் சேலையை இரண்டாக மடித்துச் சொருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் குப்பம்மா. தண்டபாணி வழக்கம்போல் வீட்டில் படுத்திருந்தான்.

கோதண்டம் அண்டாப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். வழக்கப்படி ஆம்பிளைகள் பெயர்தான். செத்துப் போயிருந்தாலும் அவன் பெயர்தான். ஒவ்வொரு பானையாகக் கவிழ்ந்தது. அவள் முறை வந்தது.

"மாரியப்பன் அடுப்பு!"

பவுனம்மாள் ஊற்றவில்லை.

"ஊத்து பவுனு."

"மாரியப்பன் போயி ரெண்டு வருசம் ஆவுது மாமா. அந்த அடுப்ப யாரு எரிச்சிகினு கீறா? உன் அடுப்பு உன்னுதுன்னு அம்மன் மின்னால சொல்றேன்னியே. அம்மன் இங்கதான் கீறா."

பூசாரி பம்பையைக் கீழே வைத்துவிட்டார். சூடு இடுப்பில் ஏறிக்கொண்டிருந்திருக்கும். அவள் பானையை மாற்றிக்கூடப் பிடிக்கவில்லை. கோதண்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நான் முன்பே சொன்னேன், அவர் கெட்டவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே உரத்த குரலில் கூப்பிட்டார்.

"பவுனம்மா அடுப்பு!"

அவள் பானையை அண்டாவில் சாய்த்தாள். அடியில் ஒட்டியதையும் கையை விட்டு வழித்துப் போட்டாள். காலிப் பானையோடு நகர்ந்து நின்றாள்.

கோதண்டம் வேகமாக அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

"தண்டபாணி அடுப்பு!"

தலையில் பானையோடு முன்னால் வந்த குப்பம்மா, ஊற்றாமல் நின்றாள்.